மிதக்கும் அரிசி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பயம் அதன் பின்னாலேயே வரும். தி. நகர் ஜவுளிக்கடையில் என் வீட்டுக்காரருக்கு இனிமேல் பாதிச் சம்பளம்தான் என்று ஆனபோது முதலில் முதலாளியைத் திட்டினேன். பிறகு, துணியைக்கூட போனிலேயே வாங்குகிற ஊர் ஜனத்தைத் திட்டினேன். வாய் ஓய்ந்ததும் அடுப்படிக்குப் போய் டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். பாதி காலி. எங்களுக்கு ஒரே பெண், எட்டு வயது. அவள் தட்டில் எதைக் குறைப்பது?

எதையும் குறைப்பதில்லை என்று வைராக்கியம் வைத்தேன். மயிலாப்பூரில் மாடவீதிக் காய்க்காரர்கள் கடை கட்டும் நேரத்துக்குப் போனால், லேசாக வாடியதைக் கூறு போட்டு மலிவாகத் தள்ளிவிடுவார்கள். முள்ளங்கி வாங்கினால் அதன் இலை பொரியலாகும். காலிஃபிளவர் தண்டு குழம்புக்குப் போகும். வாரத்தில் ஒரு நாள் நெத்திலிக் கருவாடு. கடை அரிசியை மட்டும் அடியோடு நிறுத்திவிட்டு ரேஷன் அரிசிக்கு மாறினோம். அதுவரை ரேஷன் அரிசியை இட்லி மாவுக்குத்தான் போடுவேன். அரைத்துவிட்டால் எந்த அரிசி என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்?

சோற்றுக்கென்று ஊறவைத்த முதல் நாளே பார்த்துவிட்டேன். தண்ணீரில் நாலைந்து அரிசி மிதந்தது. எடுத்துப் பார்த்தால் மற்ற அரிசி மாதிரி இல்லை. மங்கலாக, எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவில் இருந்தது. பக்கத்துப் போர்ஷன் பெண் தண்ணீர் பிடிக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“ஐய, இது பிளாஸ்டிக் அரிசிக்கா. என் போன்ல வீடியோ கீது பாரு. புள்ளைக்குப் போட்டுடாத, குடல்ல போய் ஒட்டிக்கும்.”

வீடியோவில் யாரோ சோற்றை உருண்டை பிடித்துத் தரையில் அடித்தான். அது பந்துபோல் எகிறியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். கீழே கொட்டிவிட்டுக் கடை அரிசி வாங்கு என்றார். எதை வைத்து என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

அரிசியில் கல் பொறுக்குவது எனக்குச் சின்ன வயதிலேயே கைவந்த வேலை. என் சோற்றில் யார் பல்லிலும் கல் கடிபட்டதில்லை என்று பீற்றிக்கொள்வேன். அதே முறத்தை எடுத்து உட்கார்ந்தேன். மத்தியானம் முழுக்கப் பொறுக்குவேன். கண்ணுக்குத் தப்பியது ஊறும்போது மிதந்தால் டீ வடிகட்டியால் அள்ளுவேன். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் சேர்த்து வைத்தேன், ரேஷன் கடையில் ஒரு நாள் முகத்துக்கு நேரே காட்டிச் சண்டை போடலாம் என்று. பள்ளிவிட்டு வந்ததும் பெண்ணும் முறத்தருகே உட்கார்ந்துகொள்வாள். அது என்ன என்று கேட்டாள். விஷம், சாப்பிட்டால் செத்துப்போவோம் என்று சொல்லிவைத்தேன். பயந்தால்தானே ஜாக்கிரதையாக இருப்பாள்? அவளுக்கு என்னைவிடக் கூர்மையான கண். ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைப்பாள். என் ராஜாத்தி என்று கொஞ்சுவேன்.

சில மாதங்களில் அவள் சோர ஆரம்பித்தாள். மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்தாள். விளையாடக் கூப்பிட்டால் படுத்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது. ஒரு காலையில், பிரேயரில் மயங்கி விழுந்துவிட்டாள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தது. செருப்பு போட்டேனா என்றுகூட நினைவில்லை, அந்தக் கவரை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஆட்டோவில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். எந்தப் பருக்கை என் கண்ணுக்குத் தப்பி உள்ளே போனதோ என்று அதே நினைப்புதான்.

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதற்குள் வீட்டுக்காரரும் வந்துவிட்டார். பெண்ணைப் பால் குடிக்க வெளியே அழைத்துப்போகச் சொல்லிவிட்டு, டாக்டரம்மா என்னை உட்காரவைத்தார். குழந்தைக்கு ரத்தசோகை, இரும்புச்சத்து போதவில்லை என்றார். நான் கவரைப் பிரித்து மேசையில் வைத்தேன். இதுதான் மேடம் காரணம், ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள் என்றேன். அவர் கொஞ்சத்தைக் கையில் கொட்டிப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

“இது பிளாஸ்டிக் இல்லம்மா. அரிசி மாவுல இரும்புச்சத்து சேர்த்து, அரிசி மாதிரியே செஞ்சு கலக்குறாங்க. ரத்தம் இல்லாதவங்களுக்காகத்தான் போடுறதே.”

எவ்வளவு நாளாகப் பொறுக்குகிறீர்கள் என்று கேட்டார். ரேஷன் அரிசிக்கு மாறிய முதல் நாளிலிருந்தே என்றேன். இது மட்டும் போதாது, மாத்திரை தருகிறேன், கீரையும் கொடுங்கள், ஆனால் இதை இனிமேல் எடுக்காதீர்கள் என்றார். பக்கத்துப் போர்ஷன்காரியை மனதுக்குள் கிழித்தேன். அவளைச் சொல்லி என்ன, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அன்று சாயங்காலம் பொறுக்காமல் உலை வைத்தேன். மிதந்ததைப் பார்த்ததும் கை தானாக வடிகட்டிக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். டாக்டர் சொல்லியும் பயம் போகவில்லை, அதுதான் உண்மை. அவளுக்கு முருங்கைக்கீரையும் ரசமுமாகப் பிசைந்து வைத்தேன். அவள் சாப்பிடவில்லை. பிசைந்த சோற்றுக்குள் விரலை விட்டுத் துழாவி, மூன்று பருக்கைகளைக் கண்டுபிடித்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள்.

“அம்மா, இன்னிக்கு நீ சரியாப் பார்க்கல.”

அது நல்ல அரிசிதான், டாக்டரே சாப்பிடச் சொன்னார் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். தட்டையே நகர்த்திவிட்டாள். மிரட்டினேன், கெஞ்சினேன், வீட்டுக்காரர் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கதை சொன்னார். வாயை இறுக மூடிக்கொண்டாள். காலையிலிருந்து அந்த ஒரு டம்ளர் பால்தான் அவள் வயிற்றில். கடைசியில், அவள் ஒதுக்கிவைத்த மூன்றையும் எடுத்து அவள் பார்க்கவே என் வாயில் போட்டுக்கொண்டேன்.

அவள் வீறிட்டாள். அவர் மடியிலிருந்து பாய்ந்து வந்து, என் வாய்க்குள் விரலை விட்டாள்.

“துப்பும்மா. செத்துடாதம்மா, துப்பு.”

நான் விழுங்கிவிட்டேன். அவள் என் வயிற்றில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள், இல்லை என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். தட்டில் சோறு அப்படியே இருந்தது.