எனக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர்

அறுபதுகளின் நடுவில் திண்டுக்கல் மெல்லிசைக் குழு ஒன்றில் நான் புல்புல்தாரா வாசித்தேன். இடது கையால் கட்டைகளை அமுக்கி, வலது கையால் கம்பிகளை மீட்டுகிற வாத்தியம். அதில் கம்பிகளின் சத்தத்தை வாங்கும் பிக்கப் பொருத்தி ஒயர் இழுத்து வைத்திருந்தேன். ஒயரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினால்தான் பந்தல் முழுக்கக் கேட்கும். ஆம்ப்ளிஃபயரில் இருந்ததோ இரண்டே துளைகள். ஒன்று பாடகரின் மைக்குக்கு, மற்றது எனக்கு.

மதுரையிலிருந்து எலெக்ட்ரிக் கிதாரோடு ஒருவன் வந்து சேர்ந்ததும் என் துளை பறிபோனது. அவன் கிராப்பு, சட்டைக் காலர், கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற பாவனை, எதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. நன்றாக வேறு வாசித்துத் தொலைத்தான். அதற்குப் பிறகு ஒயர் இல்லாமல் நான் வாசித்த கச்சேரிகளில் என் வாத்தியம் எனக்கே கேட்கவில்லை.

அகரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. புதிதாகக் கட்டிக்கொண்டு வந்திருந்த என் மனைவி முதல் தடவையாக என் கச்சேரிக்கு வந்தாள். அவள் முன்னால் ஊமையாக உட்கார முடியுமா? மைக் செட்காரரிடம் சண்டைக்குப் போனேன்.

"ஏண்ணே கோவிக்கிறீக? செத்த நேரம் பொறுங்க. ஒங்களுக்குன்னு தனி ஆம்ப்ளிஃபயரே போட்டுத் தாரேன்" என்றார்.

சொன்னபடியே சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்து வந்து, என் ஒயரை அதில் சொருகி, ஒரு ஸ்பீக்கர் பெட்டியை என் காதோரம் வைத்தார். கிதாருக்குப் பாதி ஆம்ப்ளிஃபயர், எனக்கு முழுசு. பார்த்துக்கொள்ளடா என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். அன்று என் சத்தத்தில் கிதார் எனக்குக் காதிலேயே விழவில்லை. பாவம் என்றுகூடத் தோன்றியது.

கச்சேரி முடிந்து மைக் செட்காரர் தென்னை மரங்களில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர்களை அவிழ்த்தார். ஊருக்கே கேட்பது அவற்றில்தான். அவற்றின் ஒயரெல்லாம் பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு மட்டுமே போவதை அப்போதுதான் பார்த்தேன். என் சத்தம் என் காதோரப் பெட்டியோடு நின்றிருக்கிறது.

பெண்கள் பக்கம் ஒரு தென்னையடியில் உட்கார்ந்திருந்த மனைவியை அழைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவளே ஆரம்பித்தாள்.

"ஒங்க கை மட்டும் ஆடுச்சு, சத்தத்தையே காணோமே. நீங்க வாசிக்கலையா?"

வாத்தியத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

"அந்தக் கிதார்க்காரரு அம்புட்டு நல்லா வாசிச்சாரு. நீங்களும் அவருகிட்டக் கத்துக்கிடலாம்ல?" என்றாள்.