களைக்குப் பெயர் தேடி வந்தவர்

கோவையில் பழைய தாவர நூல்களைக் காத்துவரும் ஆய்வு நூலகம் ஒன்று, வருடத்தில் ஒருநாள் எல்லோரையும் உள்ளே விடும். அன்று வாசலில் ஓர் அம்மாள், நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியும் ஈரத்துணியில் சுற்றிய செடியுமாகக் காவலாளியிடம் வாதாடிக்கொண்டிருந்தார். பச்சைச் செடியோடு பூச்சியும் வரும், புத்தகத்தை அரிக்கும் என்றார் காவலாளி.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் புடிச்சுட்டு நில்லுங்க" என்று செடியை, நூலகம் பார்க்க வந்து பின்னால் நின்றிருந்த என் கையில் திணித்துவிட்டு அம்மாள் உள்ளே போனார்.

புத்தகத்துப் படங்களைப் பார்ப்பார். வெளியே வந்து இலையைத் தடவுவார். மறுபடி உள்ளே போவார். வெயில் ஏறியது. எனக்குத்தான் கால் கடுத்தது.

"எங்க மஞ்ச வெச்ச காடு பூராம் இதுதானுங்க. புடுங்கிப் புடுங்கிக் கை காப்புக் காச்சுப்போச்சு."

"பேர் தெரிஞ்சு என்னங்க செய்யப் போறீங்க?"

"பேரே தெரியாம எத்தனை வருசத்துக்குங்க ஒரு செடியோட சண்டை போடறது?"

கடைசியில் படம் அகப்பட்டுவிட்டது. பெயரை முணுமுணுத்தபடியே வந்தார். செடியை மதிலோரம் எறியப்போன என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இங்க போட்றாதீங்க. ஒரு வெதை உழுந்தாப் போதும், இவங்க தோட்டமும் போயிரும்."

செடியைத் துணியில் சுற்றினார். என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த விதைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்தார்.

"திரும்புங்க, முதுகையும் பாத்துப்போடறேன்."

திரும்பி நின்றேன். செடியின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.