பூச்சியத்தில் வைத்த பிள்ளையார் சுழி

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இரண்டு மகள்மாரையும் கட்டிக்கொடுத்த பிறகு உப்புவெளியில் கணினி வகுப்புக்குப் போனேன். மாத முடிவில் ஒரு சோதனை. அதில் தேறாவிட்டால் அடுத்த வகுப்பில் இடமில்லை. படிப்பை ஒருமுறை விட்டது போதும் என்று இருந்தேன்.

சோதனைக்கு 'அரே' எழுதவேண்டும். ஒரே பெயருக்குக் கீழே பல விடயங்களை வரிசையாக வைக்கிற பட்டியல் அது. இறக்கக்கண்டி பஸ் நிற்கும் ஊர்களை எடுத்துக்கொண்டேன்: திருகோணமலை, உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி. பட்டியலில் முதல் இடத்தின் எண் ஒன்று அல்லவாம், பூச்சியமாம். கடைக்குச் சாமான் துண்டு எழுதினாலும் தலையில் பிள்ளையார் சுழி போட்டே பழகியவள் நான். பூச்சியம் அதற்கென்றே விட்ட இடம் என்று நம்பி, அதில் 'உ' போட்டேன். திருகோணமலை ஒன்றாம் இடத்துக்குப் போனது. ஐந்து ஊர்தானே என்று, தொடக்கத்திலிருந்து ஐந்தைக் காட்டச் சொல்லி எழுதினேன்.

திரையில் முதலில் 'உ' வந்தது. பிறகு நாலு ஊர். இறக்கக்கண்டியைக் காணவில்லை.

பக்கத்தில் இருந்த பிள்ளை இறக்கக்கண்டிக்காரி. “அன்ரி, அப்ப நான் நிலாவெளியில இறங்கி நடக்கிறதோ?”

படிப்பிக்கிற சேருக்கு என் மூத்த மகளின் வயதுதான். “பஸ் முதல்ல பிள்ளையாரிட்ட நிண்டிட்டு எல்லோ வருது,” என்றார். வகுப்பே சிரித்தது.

“நிக்கும்தானே சேர். கோயிலடியில கற்பூரம் கொளுத்தாமல் எந்த ட்ரைவர் வெளிக்கிடுறவர்?”

“அதை எடுங்கோ அன்ரி. எடுத்தால் எல்லாம் சரிவரும். இல்லாட்டில் பாஸ் போட ஏலாது.”

“எடுக்க ஏலாது சேர்.”

சிரிப்பு நின்றது. பிழை என்னுடையதுதான். ஓர் ஊரை வழியில் விட்டுவிட்டேன். அதை ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. எண்ணத் தெரியாமல் எண்ணியதற்குச் சாமியை ஏன் தூக்கி எறியவேண்டும்? ஒரு வரியின் தொடக்கத்தில் # குறி போட்டால் கணினி அந்த வரியைத் தாண்டிப் போய்விடும் என்று சொல்லித் தந்தவரே சேர்தான். சுழியைப் பட்டியலிலிருந்து தூக்கி, எல்லாவற்றுக்கும் மேலே, அந்தக் குறிக்குப் பக்கத்தில் வைத்தேன். திருகோணமலை பூச்சியத்துக்கு வந்தது. ஓடவிட்டேன். ஐந்து ஊரும் வந்தன.

“கணினிக்கு அது தேவையில்லையே அன்ரி.”

“கணினிக்குத் தேவையில்லை சேர். எழுதினது நான்.”

பாஸ் போடுகிறதைப் பிறகு பார்ப்போம் என்றார். அவருடைய மேசையடியில் போய் நின்றவள் நகரவில்லை. அடுத்த வகுப்புக் கொப்பியில் அவர் என் பெயரை எழுதிய பிறகுதான் வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டேன்.