ஏழு காளைகளும் மூன்று தொட்டிகளும்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்னும் பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது.

பதினெட்டு வருஷம் மரக்காணத்தில் உப்பு வாரினேன். உள்ளங்கால் வெடித்து, வெடிப்புக்குள் உப்புநீர் இறங்கி, காலை ஊன்றவே முடியாமல் போனது. அப்போதுதான் கூனிமேட்டில் ஒரு பாய் மாடு பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர் பிள்ளைகள் துபாயில் இருந்தார்கள். பக்ரீத்துக்கு அறுத்துக் கொடுக்கிற குர்பானிக்குச் சந்தை சந்தையாக அலையாமல் நாமே வளர்த்தால் என்ன என்று அவருக்கு ஓர் ஆசை. சவுக்குத்தோப்பில் கொட்டகை போட்டு ஏழு காளைகளைக் கட்டியிருந்தார். மூன்று பால் மறந்த கன்றுகள். இரண்டு, ஒரு வயது தாண்டிய இளசுகள். மற்ற இரண்டும் பால்பல் விழுந்து முன்னால் இரண்டு பெரிய பல் போட்டவை. குர்பானிக்கு அந்தப் பல் போட்டிருக்க வேண்டும், எலும்பும் தோலுமாகவும் இருக்கக் கூடாது.

அந்த வருஷப் பக்ரீத்துக்குப் பெரியவை இரண்டும் தேற வேண்டும், தேறாவிட்டால் ஏழையும் விற்றுவிட்டுக் கொட்டகையைப் பிரித்துவிடுவேன் என்று பாய் முதல் நாளே சொல்லிவிட்டார். பிரித்தால் நான் திரும்ப உப்புப் பாத்தியில்தான் இறங்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த மாதிரி ஆரம்பித்தேன். ஒரே தொட்டி, ஒரே தீனி. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கரைத்து, மேலே கை நிறைய உப்பு. எங்கள் பக்கத்தில் உப்புப் போடாமல் யாரும் தீனி கரைப்பதில்லை. உப்புப் போட்டால் தண்ணீர் நன்றாக இறங்கும், உடம்பு பிடிக்கும் என்பார்கள். உப்புக்கு எங்களுக்குப் பஞ்சமா? நான் தாராளமாகவே போட்டேன்.

பங்குனி முடிவதற்குள் ஏழுக்கும் விலா எலும்பு தெரிந்தது. கன்றுகள் தண்ணீராகக் கழிந்தன. பெரியவை தீனியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. பாயின் சிநேகிதர், கறிக்கடை வைத்திருப்பவர், ஒரு நாள் வந்து விலாவைத் தடவிப் பார்த்தார்.

"என்னா பாய், மாடு வளர்க்க ஆள் வச்சியா, கருவாடு போட ஆள் வச்சியா?"

பாய் சிரிக்கவில்லை. "ஏம்பா, நோன்பு முடியிற வரைக்கும் பார்க்கிறேன். அதுக்கப்புறம் லாரில ஏத்திடுவேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து, நான் குடிப்பதற்காக ஊர்க் குழாயில் பிடித்து வைத்திருந்த குடத்துக்குள் ஒரு கன்று மூக்கை விட்டுவிட்டது. கயிறு கழுத்தை அறுக்கும் அளவுக்கு இழுத்துக்கொண்டு, சொட்டு விடாமல் குடித்தது. பக்கத்திலேயே தோப்புக் கிணற்றுத் தண்ணீர் தொட்டி நிறைய இருந்தது. அதில் ஒரு கை அள்ளிக் குடித்தேன். உப்புக் கரித்தது. கோடையில் அந்தக் கிணறு அப்படி மாறிவிடும் போல. உப்பிலேயே பதினெட்டு வருஷம் நின்றவன், மாடு குடிக்கிற தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை. உப்புத் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றியிருக்கிறேன்.

அன்றோடு உப்பை நிறுத்தினேன். சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன் கட்டி, ஊர்க் குழாய்க்கும் தோப்புக்கும் நடையாய் நடந்தேன். குழாயடி வெயிலில் நிற்கும்போது மற்றதும் புத்தியில் பட்டது. ஒரே தொட்டியில் வைத்தால் பெரியது முட்டும், சின்னது ஒதுங்கும். முட்டித் தின்றதற்கும் அது ஏற்ற தீனி இல்லை. சவுக்குக் கழி கட்டிக் கொட்டகையை மூன்றாகப் பிரித்து, மூன்று தொட்டி வைத்தேன். கன்றுக்குச் சதை வைக்கிற வயசு. அதற்கு ஊறவைத்த பிண்ணாக்கும் இளம்புல்லும். இளசுகளுக்கு உடம்பு நீள வேண்டும், கொழுக்கக் கூடாது. கடலைக்கொடியும் வைக்கோலும் வயிறு நிறைய, பிண்ணாக்கு அளவோடு. பல் போட்டதற்குக் குருணைக் கஞ்சி, சோளமாவு, தவிடு. அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினேன். ஒரே நாளில் அள்ளி வைத்தால் வயிறு உப்பிக்கொள்ளும். சதை ஏறுகிறதா என்று பார்க்க, வெள்ளிக்கிழமைதோறும் பெரியது ஒன்றுக்கு முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிக் கயிறு பிடித்து, எட்டிய இடத்தில் முடிச்சுப் போட்டு வைத்தேன்.

நோன்பு பாதியில் பாய் வந்தார். உப்புக் கூடை குறையாமல் இருப்பதைப் பார்த்தார். முகம் மாறியது.

"தீனில உப்புப் போடறதில்லையா? யாரைக் கேட்டு நிறுத்தின?"

எப்படியோ சொன்னேன். "கெணத்துத் தண்ணிலயே இருக்குது பாய். நீங்களே ஒரு வாய் குடிச்சுப் பாருங்க."

"நோன்பு வச்சிருக்கறவனைப் போய்க் குடிக்கச் சொல்றியே."

அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவர் போய்விட்டார். ஆனால் நோன்பு திறந்த கையோடு ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். கிணற்றில் மொண்டு ஒரு வாய் குடித்து, அப்படியே துப்பினார். மறுநாள் காலை குழாய்த் தண்ணீர் டிரம்மில் நிரம்பி மாட்டுவண்டியில் வந்தது. அன்று முதல் தினமும் வந்தது.

நோன்பு முடிவதற்குள் கயிற்றில் ஐந்து முடிச்சுகள், ஒன்றைவிட ஒன்று தள்ளித் தள்ளி. கழிச்சல் நின்று கன்றுகள் வாலைத் தூக்கி ஓடின. நோன்புப் பெருநாள் முடிந்தும் பாய் லாரிப் பேச்சையே எடுக்கவில்லை. பக்ரீத்துக்குப் பத்து நாள் முன்பு கறிக்கடைக்காரர் வந்து பெரியதின் விலாவைத் தேடினார். விரல் சதைக்குள்தான் போனது. வால் அடியைக் கட்டைவிரலால் அழுத்தினார். மறுபக்கம் போய் இன்னொன்றையும் அழுத்தினார்.

"என் பட்டியில நாலு நிக்குது. வந்து ஒரு பார்வை பாருங்களேன்" என்றார் என்னிடம். பாயிடம் இல்லை.

பக்ரீத் அன்று இரண்டையும் நான்தான் ஓட்டிப் போனேன். கயிறு இரண்டு கையையும் இழுத்தது, அவ்வளவு பலம். நின்றிருந்தவர்கள் எந்தச் சந்தையில் பிடித்தது என்று கேட்டார்கள். பாய் என் தோளில் கை போட்டு, "சந்தை இல்லை, இவரு வளர்த்தது" என்றார். நான் தலை குனிந்துதான் நின்றேன், ஆனால் காதில் ஒரு எழுத்து விடாமல் விழுந்தது.

அடுத்த வாரம் கொட்டகையைப் பிரித்தோம். பெரிதாகக் கட்டுவதற்காக. இப்போது பன்னிரண்டு நிற்கின்றன.

1989 ஆகஸ்டு 28, திங்கட்கிழமை.