அம்மா ஏறாத மிலிட்டரி வண்டி

அப்பா மிலிட்டரி வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த அன்று அதை வீட்டுக்குள் நுழைக்க முடியவில்லை. கேட்டின் அகலம் போதவில்லை. ஒரு பக்கத்துத் தூணை இடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று அப்பா கயிறு வைத்து அளந்து பார்த்தார். அம்மா வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், உள்ளே போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு ஆறு. அறுபதுகளின் கடைசி அது. கிழக்குத் தாம்பரத்திலிருந்து சேலையூர் போகிற வழியில், நாலைந்து ஓட்டு வீடுகளும் அவற்றைச் சுற்றி வயலுமாக இருந்த ஒரு தெருவில் குடியிருந்தோம். அப்பா பாரிமுனையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. அம்மா குரோம்பேட்டையில் டீச்சர். அதுவரை எங்களிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. தினமும் காலையில் அப்பா அம்மாவை அதில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வண்டியை அங்கேயே நிறுத்திவிட்டு, எலெக்ட்ரிக் டிரெயினைப் பிடிப்பார்.

அந்த வருஷம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டில் பின்னாலிருந்து வந்த லாரி ஒன்று ஸ்கூட்டரை உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அப்பாவுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அது ஏழாம் மாதம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, மணிக்கட்டில் கட்டோடு தனியாகத் திரும்பி வந்தாள். பாப்பாவை ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று மாமா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அம்மாவிடம் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்றும் சொன்னார். நாங்கள் கேட்கவில்லை. எனக்கு ஞாபகம் இருக்கிற வரையில் யாருமே கேட்கவில்லை.

ஸ்கூட்டர் அந்த வாரமே போய்விட்டது. அதற்குப் பிறகு அப்பாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் போயிற்று. சாப்பிடும்போது பாதியில் எழுந்துபோய் ஜன்னல் கொக்கியைச் சரிபார்ப்பார். நாங்கள் கிணற்றுப் பக்கம் போனால் பின்னாலேயே வருவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் எங்களை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். எங்கே போகிறார் என்பது அந்தப் பச்சை வண்டி வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. பட்டாளத்தில் ஓடித் தேய்ந்த வண்டிகளை ஏலத்தில் எடுத்து விற்கிற ஆள் ஒருவர் கிண்டிப் பக்கம் இருந்தார். அவரிடம் நடையாய் நடந்திருக்கிறார்.

உலக யுத்த காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த வண்டி என்றார்கள். அதன் டயர் என் மார்பு உயரம் இருந்தது. கதவுகள் கிடையாது. தலைக்கு மேலே கித்தான் துணிக் கூரை. ஸ்டியரிங் இடது பக்கம். ஸ்டார்ட் செய்யக் காலால் ஓங்கி மிதிக்க வேண்டும். மிதித்தால் தெருவில் உள்ள நாய்களெல்லாம் ஒரே சமயத்தில் குரைக்கும். தம்பிக்கும் எனக்கும் சொர்க்கமே வந்து வாசலில் நின்றது போல இருந்தது.

மாமா அன்று மாலையே வந்துவிட்டார். அம்மாவுக்கு அண்ணன், ரயில்வேயில் வேலை. வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற குடும்பத்துக்கு இது எதற்கு என்று பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். குடிக்கிற பெட்ரோலைச் சொன்னார். இடது பக்கம் உட்கார்ந்துகொண்டு எதிரில் வருவதைப் பார்க்காமல் எப்படி முந்துவது என்று கேட்டார். புடவை கட்டிய பெண் இதில் எப்படி ஏறுவாள் என்றும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடம் பதில் தயாராக இருந்தது. பெட்ரோலுக்குச் சிகரெட்டை விட்டுவிடுவதாகச் சொன்னார். முந்தப் போவதே இல்லை என்றார். ஏறுவதற்கு முக்காலி செய்யச் சொல்லியாகிவிட்டது என்றார்.

“அதெல்லாம் இருக்கட்டும் மச்சான். தினம் ஓட்டுற வண்டியா இது?” என்றார் மாமா.

“லாரி வந்து இடிச்சாலும் லாரிக்குத்தான் சேதம்” என்றார் அப்பா.

மாமா காபியைக் குடித்துவிட்டு, உள்ளே போய் அம்மாவோடு சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினார்.

வண்டி தெருவிலேயே நின்றது. தெருவில் பாதி அதற்குச் சரியாக இருந்தது. எதிர்வீட்டுக்காரர் அந்த ஊரின் பழைய ஆள். சுற்றியிருந்த வயலெல்லாம் அவருடையது. அவருடைய மாட்டு வண்டி போக முடியாமல் நின்றபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “இன்னா சார் இது, சண்டைக்கா போற? மாடு போவ வழியில்லாம நின்னுகினு கீது” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, ஓரமா தள்ளி நிறுத்து சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முக்காலி வந்தது. அம்மா ஒரே ஒரு நாள் அதன்மேல் கால் வைத்தாள். இன்னொரு காலைத் தூக்கவில்லை. கீழே இறங்கி, கைப்பையை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். ஒரு மைலுக்கு மேல் இருக்கும். டிரெயினில் போய்க்கொள்கிறேன் என்றாளே தவிர, வண்டியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லவில்லை. அப்பாவிடம் அவள் பேசிய பேச்செல்லாம் அந்த நாட்களில் அப்படித்தான் இருந்தது. உப்பு, ரேஷன், துவைக்கப் போட்ட சட்டை.

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் உண்டாயிற்று. அம்மா முன்னால் நடப்பாள். அவளுக்குப் பத்தடி பின்னால், முதல் கியரில் உறுமிக்கொண்டு அந்தப் பச்சை வண்டி ஊர்ந்து வரும். மேலே அப்பாவும், பள்ளிக்கூட யூனிபாரத்தில் நானும் தம்பியும். எங்களுக்குப் பின்னால் சைக்கிள்காரர்களும் பால்காரர்களும் மணியடித்துப் பார்த்துவிட்டு ஓய்ந்துபோவார்கள். அம்மா திரும்பிப் பார்க்கவே மாட்டாள். ஸ்டேஷன் பாலத்தில் அவள் ஏறும்வரை அப்பா என்ஜினை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு ரயில்வே கேட்டைத் தாண்டி மேற்குத் தாம்பரத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் எங்களை இறக்கிவிட்டு, ஓடிப்போய் டிரெயினைப் பிடிப்பார். தினமும் ஆபீசுக்கு லேட். மழை வந்தால் கித்தான் ஒழுகும். வண்டிக்குள் நானும் தம்பியும் குடை பிடித்துக்கொண்டு போனோம். அது எங்களுக்கு அவமானமாகத் தோன்றவில்லை. அம்மாதான் அநியாயத்துக்குப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று பட்டது. இவ்வளவு பெரிய வண்டி இருக்கும்போது நடந்து போகிறவளை என்ன சொல்வது?

ஜனவரியில் ஒரு காலை அது நடந்தது.

அன்றைக்கு ரயில்வே கேட் வெகுநேரம் மூடிக் கிடந்தது. திறந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் மாட்டு வண்டிகளும் சைக்கிள்களும் ஒரே நேரத்தில் நுழைந்தன. நடுவில் எங்கள் வண்டி. எதிரில் வந்த வைக்கோல் வண்டிக்கு வழி விடுவதற்காக அப்பா பிரேக்கை மிதித்தார். என்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றுபோயிற்று. முன் சக்கரங்கள் ஒரு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். பின் சக்கரங்கள் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில்.

அப்பா ஸ்டார்ட்டரை மிதித்தார். என்ஜின் முனகியது. மறுபடியும் மிதித்தார். சுற்றியிருந்தவர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு வந்து தள்ளினார்கள். அது அசைந்து கொடுக்கவில்லை. யானையைத் தள்ளுவதுபோல இருந்தது. எங்கோ சிக்னல் கேபினில் மணி அடித்தது. அடுத்த டிரெயின் புறப்பட்டுவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

கேட்காரர் ஓடி வந்தார். அப்பாவிடம் ஒன்றும் கேட்காமல் தம்பியை இடுப்பில் தூக்கி இறக்கினார். என்னையும் இறக்கி, தன் அறை வாசலில் நிறுத்தி, அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே ஓடினார். தம்பி அழ ஆரம்பித்தான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அப்பாவை இறங்கச் சொன்னார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, காலால் மிதித்துக்கொண்டே இருந்தார்.

பிளாட்பார முனையிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். அங்கிருந்துதான் அம்மா பார்த்திருக்க வேண்டும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜல்லிக் கல்லின் மேல் வெறுங்காலோடு ஓடி வந்தாள். அவள் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. நேரே எங்களிடம்தான் வருவாள் என்று நினைத்தேன். எங்கள் முன்னால் ஒரு நொடி நின்று, என் தலையையும் தம்பியின் தலையையும் தொட்டாள். பிறகு திரும்பி, வண்டியிடம் போய், சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறினாள். முக்காலி இல்லை, யாருடைய கையும் இல்லை. அப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

“இறங்குங்க” என்றாள்.

“நீ ஏன் வந்தே? இறங்கு முதல்ல. இதோ ஸ்டார்ட் ஆயிடும்.”

“நீங்க இறங்குங்க. நானும் இறங்குறேன்.”

அப்பா மிதிப்பதை நிறுத்தவில்லை. அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி அமர்ந்திருந்தாள். யாரோ கத்தினார்கள். தூரத்தில் டிரெயினின் ஊதல் கேட்டது. அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். காலை எடுத்தார்.

“நான்தானே ஓட்டினேன்” என்றார். “அன்னிக்கும் நான்தானே ஓட்டினேன்.”

அம்மா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. சின்னதாகத்தான் ஏதோ சொன்னாள். அப்பா முதலில் இறங்கி, மறுபக்கம் சுற்றி வந்து, அவள் இறங்கக் கை கொடுத்தார்.

டிரெயின் கொடியைப் பார்த்துத் தூரத்திலேயே நின்றுவிட்டது. எதிர்வீட்டுக்காரரின் மாட்டு வண்டியும் அந்தக் கும்பலில் இருந்தது. அவருடைய ஆட்கள் மாடுகளை அவிழ்த்துக் கயிறு கட்டி இழுக்க, இருபது முப்பது பேர் பின்னாலிருந்து தள்ள, அமெரிக்க வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து தண்டவாளத்தை விட்டு இறங்கிற்று. பிறகு அந்த மாடுகளே அதை எங்கள் வீட்டு வாசல்வரை இழுத்து வந்தன. அப்பா ஸ்டேஷன் மாஸ்டர் அறையில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு நாங்கள் யாருமே பள்ளிக்கூடம் போகவில்லை.

மாலை நாலு மணிக்கு அப்பா வண்டியை மிதித்துப் பார்த்தார். முதல் மிதியிலேயே ஸ்டார்ட் ஆயிற்று. அம்மா தலை வாரி, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா கூப்பிடவில்லை, அவளாகவே ஏறி உட்கார்ந்தாள். நானும் தம்பியும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினோம். நீங்கள் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இருட்டுவதற்கு முன்பே திரும்பி வந்தார்கள். அம்மாவின் பாதங்களில் செம்மண் ஒட்டியிருந்தது. கண் வீங்கியிருந்தது. ஆனால் அன்று அவள் அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு எழுந்து போகாமல், பக்கத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

அவர்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள் என்பது எனக்குக் கல்யாணமாகி, முதல் குழந்தை பிறந்த பிறகுதான் தெரியும். மாமா சொன்னார். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது அப்பாவும் மாமாவும் மட்டும் போய் அந்தக் குழந்தையை அடக்கம் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். எந்த இடம் என்று அம்மா கேட்கவில்லை. அப்பா சொல்லவும் இல்லை. அந்த ஜனவரி மாலைவரை.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவுக்கு ஒருவழியாக வண்டி பிடித்துவிட்டது, எங்களை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஜாலியாக ஊர் சுற்றிவிட்டு வந்துவிட்டார்கள் என்பதுதான். கோபத்தில் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம். இனிமேல் நாலு பேரும் தினமும் அதில்தான் போவோம் என்று மறுநாள் வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் பல்லாவரத்தில் கல்குவாரி வைத்திருந்த ஒருவர் வந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். குவாரிக்கு ஏற்ற வண்டி என்று அவர் அதைத் தட்டித் தட்டிப் பாராட்டினார். அது தெரு முனையில் திரும்பும்வரை நானும் தம்பியும் பின்னாலேயே ஓடினோம். திரும்பி வந்து அம்மாவிடம் சண்டை பிடித்தேன். உனக்குத்தான் பிடித்துவிட்டதே, நீயே ஏறி உட்கார்ந்தாயே, அப்புறம் ஏன் அப்பாவை விற்க விட்டாய் என்று கேட்டேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்குப் பதில் சொல்வதுபோல நிமிர்ந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மறுபடியும் கீரையை எடுத்தாள்.

நான் திமிறிக்கொண்டு எழுந்து போனேன். இந்தப் பெரியவர்களுக்கு எதிலும் ஒரு நிலையான புத்தி கிடையாது என்று தம்பியிடம் சொன்னேன். அவனும் ஆமாம் என்றான்.