செவ்வாயில் கொழுந்து எடுத்தவர்

கருவியைத் தலையில் மாட்டிய இரண்டாவது நிமிடமே, சோதித்துப் பார்த்த எல்லோரும் தலை சுற்றுகிறது என்று கழற்றினார்கள். ஒருவர் வாந்தியே எடுத்துவிட்டார்.

செவ்வாய்க் கிரகத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். சிவப்பு மண், இரண்டு நிலா, வெறும் கையால் கொழுந்து கிள்ளலாம். சின்னக்கானல் விடுதி ஒன்றுக்காக நான் வடிவமைத்த மெய்நிகர் உலகம் அது. வெள்ளிக்கிழமை விடுதிக்காரர் பார்க்கப்போகிறார். அவருக்கும் தலை சுற்றினால் வீட்டிலிருந்தே செய்யும் இந்த வேலை போய்விடும். பத்து மாதக் குழந்தையை விட்டுவிட்டு நான் கொச்சி அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும்.

வேகத்தைக் குறைத்தேன். ஒரு நிலாவை எடுத்தேன், மறுபடி வைத்தேன். பால் கொடுக்கும்போதும் அதே யோசனை. வீட்டிலிருந்து வேலை செய்ய ஆசைப்பட்டதே தப்போ?

வியாழன் மாலை, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த வீட்டு அக்கா தோட்ட வேலை முடிந்து குழந்தையைக் கொஞ்ச வந்தார்.

“எனக்கும் மாட்டிவிடுடி. செவ்வாய்க்குப் போயிட்டு வாரேன்.”

இவருக்கும் மயக்கம் வந்தால்? பயந்துகொண்டேதான் மாட்டிவிட்டேன்.

அவருடைய இரண்டு கைகளும் உடனே கிள்ளத் தொடங்கின. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசினார். என் கணினித் திரையில் கொழுந்து மண்ணில் விழுந்து சிதறியது.

“கூடை எங்குட்டுடி?”

“முன்னாடி, இடுப்புக்கிட்ட இருக்குக்கா. குனிஞ்சு பாருங்க.”

“கூறுகெட்டவளே! பிடிக்கு ஒருக்கா குனிஞ்சு நிமுந்தா தல சுத்தாம என்ன செய்யும்? அங்க கங்காணி இல்லன்னு இஷ்டத்துக்கு வச்சிட்டியா?”

சிரித்தேன். சட்டென்று சிரிப்பு நின்றது. அம்மா கொழுந்து எடுத்த காசில் படித்தவள் நான். அவர் ஒரு நாளாவது குனிந்து கூடையைத் தேடிப் பார்த்திருக்கிறேனா? விளையாடுபவர் கண்ணில் படும்படிதான் எதையும் வைக்க வேண்டும் என்று படித்தேன், அப்படியே வைத்துவிட்டேன்.

கூடையை முதுகுக்கு மாற்றினேன். கொழுந்து விழும்போது பின்னாலிருந்து மெல்லிய சத்தம் வரச் செய்தேன்.

வெள்ளிக்கிழமை விடுதிக்குப் போனேன், விடுதிக்காரர் மாட்டிக்கொண்டார். இரண்டு நிமிடம் ஆனதும் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம். பத்து. மனிதர் தோளுக்கு மேல் வீசிக்கொண்டே இருந்தார். கடைசியில் விடுதி மேலாளர்தான் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

“கூடை நிறையலையே, அதுக்குள்ள ஏன் கூப்பிட்டீங்க?” என்று அவர் கோபித்துக்கொண்டபோது, அந்தப் பாட்டில் தண்ணீரை நானே குடித்து முடித்தேன்.

ஜீப்பிலிருந்து இறங்கி லயத்துக்கு ஓடினேன். அக்கா இடுப்பில் குழந்தை.

“என்னடி, கொச்சிக்குப் பெட்டி கட்டணுமா?”

“இல்லக்கா. இனி இங்கதான்.”

“அப்பப் பிள்ளையப் பிடி. எனக்குக் கை வலிக்குது, நேத்துச் செவ்வாயில வேற வேல பாத்தேன்.”