என் பெயர் தெரிந்த கொன்ஸ்டபிள்

போரின் கடைசி ஆண்டுகளில், தலைநகரின் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை காலி வீதி என்ற பெருந்தெருவில் ஏறும் இடத்தில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. நான் வேலைக்குக் கந்தோருக்குப் போகும்போது அங்கே நின்ற இளம் கொன்ஸ்டபிள் என் அடையாள அட்டையை வாங்கிப் பார்ப்பார். பல மாதங்களாக அதே ஆள், அதே அட்டை. பிறந்த இடம் என்ற வரியில் கண்ணை நிறுத்திச் சிங்களத்தில் கேட்பார்:

"அய்யே, இண்டைக்கும் யாழ்ப்பாணத்திலதான் பிறந்ததோ?"

"ஓம் சேர். இன்னும் மாத்தேல்லை."

வயதில் மிகவும் இளையவர். என்னை அண்ணன் என்பார்; நான் அவரை சேர் என்பேன்.

ஒருநாள் காலை வானொலியில் செய்தி வந்தது. நகரத்துக்கு வெளியே, பாதையோரம் வைத்த குண்டு பொலிஸார் போன ட்ரக்கில் வெடித்திருந்தது. அன்று சாவடியில் வேறொருவர் நின்றார். மறுநாளும் அவரே.

நான் திகதிகளில் கவனமானவன். குண்டு வெடித்த திகதி எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கொன்ஸ்டபிளைக் கடைசியாகக் கண்டது அதற்கு முதல் நாளா, முந்திய வெள்ளிக்கிழமையா என்று நிச்சயமில்லை. வழமையாக நடப்பதை யார் குறித்து வைப்பார்கள்? இறந்தவர்களின் பெயர்கள் பத்திரிகையில் வந்தன. வாசிக்கும்போதுதான் உறைத்தது. என் முழுப்பெயர், தொழில், விலாசம் எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. தோளில் ஓர் இலக்கம் இருந்தது; அதையும் நான் பார்த்ததில்லை.

சாவடியில் கேட்கலாம். ஆனால் பொலிஸ்காரர் செத்தாரா என்று ஒரு தமிழன் விசாரித்தால், அதை ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

இரவு நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்ததைப் பார்த்து மனைவி சொன்னாள்: "உங்களுக்கென்ன விசரே? மேல்மாடி வாத்தியாரை அவன்தானே பிடிச்சு ஜீப்பில ஏத்திவிட்டவன். அண்டைக்கு வடிவாச் சாப்பிட்டனீங்கள்."

வாத்தியார் ஒரு கிழமைக்குள் திரும்பி வந்துவிட்டார். ஆனாலும் அவள் சொன்னதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் ஒழுங்கை முனைக் கடைக்கார முஸ்லிம் நாநாவிடம், அந்தக் கொன்ஸ்டபிளைக் காணவில்லை என்று சொன்னேன். அந்தப் பொலிஸ்காரர்கள் தேத்தண்ணி குடிக்க வருவது அவர் கடைக்குத்தான்.

"நீங்க கேக்க வாணாம் ஐயா," என்றார். "நான் கேட்டா, டீக்கு வார ஆளத் தேடுறேன்டு நெனப்பாங்க."

மாலை கடைக்குப் போனபோது பருப்பைத் தாளில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "குருநாகல் பக்கம் வேல மாத்தமாம்."

"எப்ப போனவராம்?"

"திகதியெல்லாம் கேக்க ஏலுமா? நல்லா இருக்காராம். நீங்க வீட்டுக்குப் போய் ஒழுங்காச் சாப்பிடுங்க."

நான் சாப்பிடாததை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. மனைவி பகலில் கடைக்கு வந்திருக்க வேண்டும். நாநா சாவடியில் உண்மையாகவே கேட்டாரா, இல்லை இருவரும் சேர்ந்து குருநாகலைத் தீர்மானித்தார்களா? இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்டால் இருவரில் ஒருவர் உண்மையைச் சொல்லிவிடக்கூடும்.